கஜேந்திரனின் இடுப்பும் ஐந்து கூட்டாளிகளும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் முதல் அறிவுரை: நோயாளியோடு வருகிறவர்களை நம்பாதீர்கள். இரண்டாவது அறிவுரை: நோயாளியையும் முழுக்க நம்ப வேண்டாம். மூன்றாவது, நம்மை நாமே நம்புவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் நான். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் கற்றுக்கொண்டேன். அதுவும் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த காலத்தில்.

நான் வேலை பார்த்த கிளினிக் திருவொற்றியூரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்கள் வந்து போகும் இடத்தை இருபத்திரண்டு படிக்கு மேலே வைத்த புண்ணியவான் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. யாராவது கேட்டால், “படியேறி வந்துட்டீங்கன்னா பாதி குணம்” என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அந்தப் படியில் ஒருநாள் காலை தடதடவென்று சத்தம். “தோளு சேரு... ஹோய்! தோளு சேரு... ஹோய்!” என்று ஐந்து பேர் ஒரு பழைய மரக்கதவைச் சுமந்துகொண்டு மேலே வந்தார்கள். கதவின் மேல் ஓர் ஆள் குப்புறப் படுத்திருந்தார். படியில் ஏறும்போதும் கதவு ஒரு விரற்கடை சாயவில்லை. அப்படி ஒரு மட்டம். வரவேற்பறையில் இருந்த நோயாளிகள் எல்லாம் தங்கள் வலியை மறந்து எழுந்து வழிவிட்டார்கள்.

முன்னால் நின்ற பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “படுக்க வெக்கட்டுமா டாக்டரம்மா, இல்ல செவுத்துல சாச்சி நிறுத்தட்டுமா?”

அவர் தாஸ் மேஸ்திரி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கிடங்கில் லோடு ஏற்றி இறக்கும் கேங்குக்குத் தலைவர். ஆறு பேர் கொண்ட கேங். கதவின் மேல் இருந்தவர் ஆறாவது ஆள் கஜேந்திரன். எல்லாருக்கும் கஜா. நாற்பத்திரண்டு வயது, கதவு நிலை அளவுக்குத் தோள். ஒரு மாதத்துக்கு முன்னால் இரும்பு உத்தரத்தைத் தூக்கியவர், இறக்கும்போது உடம்பைத் திருகிவிட்டார். இடுப்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்தி, வலி இடது கால் சுண்டுவிரல் வரை இறங்கியிருந்தது. மார்க்கெட்டிலிருந்து எங்கள் வாசல் வரை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அதே கதவோடு வந்திருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை என்பதைச் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. முப்பது வருடமாக யாரும் வாங்கியதில்லை.

பரிசோதனையை ஆரம்பித்தேன். கஜாவின் காலைத் தூக்கினேன். “ஆ!” என்று சத்தம் வந்தது. கத்தியது கஜா இல்லை, பக்கத்தில் நின்ற மொய்தீன் பாய். “எங்க வலிக்குது?” என்று கேட்டேன். “முட்டிக்குக் கீழ டாக்டரம்மா, சுருக்குனு இழுக்குதாம்” என்றார் மேஸ்திரி. டிஸ்க் நோயாளியிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கேட்டேன்: “ஒண்ணுக்கு சரியா போகுதா?”

“சூப்பரா போவுது டாக்டரம்மா!” என்றார்கள் ஐந்து பேரும்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்களுக்குத் தெரியாம அவன் இன்னா பண்ணுவான்?” என்றார் மேஸ்திரி. அவர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, கஜாவின் வாயாலேயே பதில் வாங்கினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் மட்டும் நான் விளையாடவில்லை. சிறுநீர், மலம் போவதில் சிக்கல், உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குதல், இதில் ஒன்று இருந்தாலும் உடற்பயிற்சிப் பேச்சே கூடாது. அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கஜாவுக்கு மூன்றும் இல்லை.

அவரை எங்களிடம் அனுப்பியவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்யும் ஒரு பெரிய டாக்டர். வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். அவர் எழுதிய சீட்டில் இரண்டே வரி: ஆறு வாரம் முறையான உடற்பயிற்சி. முன்னேற்றம் இல்லையென்றால் ஆபரேஷன்.

கிடங்கின் முதலாளியும் ஒரு கெடு வைத்திருந்தார். அந்த உத்தரங்களைத் தூக்க ஆறு தோள் வேண்டும். இப்போதைக்குத் தினம் ஒரு மாற்று ஆளைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்குள் கஜா வந்து நிற்காவிட்டால் அந்த மாற்று ஆளையே நிரந்தரமாக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கஜாவுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பதினெட்டு வயதிலிருந்து அந்த ஐந்து பேரோடுதான் சாப்பாடு, சண்டை, தீபாவளி எல்லாம். “எடம் போயிடுமா டாக்டரம்மா?” என்று அவர் கேட்டபோது, அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததில் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

டயரில் டியூப் பிதுங்கி நிற்கிற மாதிரிதான் உங்கள் டிஸ்க் என்று விளக்கிவிட்டு, பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். குப்புறப் படுத்து, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்த வேண்டும். இடுப்பு பாயை விட்டு எழக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு நான்கு வேளை. நடுநடுவே பத்து நிமிடம் நடை. ரொம்ப நேரம் உட்காரக் கூடாது. ராத்திரி வெந்நீர்ப் பை. கஜா என் முன்னால் இரண்டு தடவை நெஞ்சைத் தூக்கினார், “அய்யோ” என்றார், படுத்துவிட்டார். முதல் நாள்தானே என்று விட்டுவிட்டேன். தினமும் செய்ததைக் குறிக்க ஒரு தாள் கொடுத்தேன். வாரம் ஒருமுறை வரச் சொன்னேன். கேங் அவரைக் கதவோடு இறக்கிக்கொண்டு போனது.

முதல் வாரத் தாள் வந்தது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. பத்து, பத்து, பத்து, பத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் நோயாளிகளைப் பற்றி உங்களுக்கே தெரியும். பயிற்சித் தாளைக் கொடுத்தால் அதில் பலசரக்கு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருகிறவர்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கஜாவைக் கேட்டேன். மூச்சை எப்போது விட வேண்டும், முழங்கை எங்கே இருக்க வேண்டும், கழுத்து எப்படி நிற்க வேண்டும் என்று புட்டுப்புட்டு வைத்தார். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். சரி என்று விட்டுவிட்டேன். வாயால் எழுதிய பரீட்சைக்கு முழு மார்க் போட்ட வாத்தியார் நான்.

இரண்டாம் வாரம் பத்தைப் பதினைந்தாக்கினேன். மூன்றாம் வாரம், வலி குறையாததால் யோசித்துப் பன்னிரண்டாகக் குறைத்தேன். அந்தப் பன்னிரண்டைச் சொன்னதும் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பத்தாவே வெச்சிக்கலாமே டாக்டரம்மா. இல்ல, பாஞ்சாவே இருக்கட்டும். இது இன்னா நடுவுல பன்னெண்டு?” என்றார் மொய்தீன் பாய், பேரம் பேசுகிற மாதிரி. மருத்துவத்தில் தலையிடாதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரம் முழுக்க அவர்களுக்குள் சண்டை என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான்காம் வாரம் மறுபடி பதினைந்துக்கே வந்துவிட்டேன்.

ஆறு வாரம் ஓடியது. தாள்கள் பிரமாதமாக இருந்தன. கஜா அப்படியே இருந்தார். கால் வலி ஓர் அங்குலம்கூட மேலே ஏறவில்லை. மனம் கேட்காமல்தான் பெரிய டாக்டருக்கு எழுதினேன்: “முறையாகச் செய்தார். பலனில்லை.” கையெழுத்தும் போட்டேன். அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: திங்கட்கிழமை அட்மிஷன், அன்றே ஆபரேஷன்.

சனிக்கிழமை காலை மொய்தீன் பாய் மட்டும் தனியாக வந்தார், கையில் ஒரு டப்பா பிரியாணியோடு. எதற்கு இது என்றேன். “எனுக்கு ஆறேழு வருசமா குனிஞ்சா நிமிர முடியாது டாக்டரம்மா. தொழுவும்போது பேஜாராப் பூடும். இப்போ கீதான்னு தேட வேண்டி கீது அந்த வலிய! நீங்க நல்லா இருக்கணும்” என்றார்.

“நான் உங்களுக்கு வைத்தியமே பார்க்கலையே பாய்?”

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். டப்பாவை மேசையில் வைத்தார். இருபத்திரண்டு படியையும் எட்டே தாவலில் இறங்கினார். குனிந்தால் நிமிர முடியாதவராம்!

கஜாவின் தாள்களை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து சாத்தாங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டீ நேரம். கம்பிக் கட்டுகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே கிடங்கைக் கண்டுபிடித்து, ஓர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன்.

நிழலில் ஐந்து சாக்குகள் வரிசையாக விரித்திருந்தன. ஐந்து சாக்கிலும் ஐந்து பேர் குப்புறப் படுத்திருந்தார்கள். எதிரே கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின் மேல், நான் உட்காரக் கூடாது என்று சொன்ன எல்லா விதத்திலும் கூன் போட்டு உட்கார்ந்திருந்தார் கஜா. கையில் டீ, மடியில் என் தாள்.

“ஒண்ணு... மூச்ச வுடு. ரெண்டு... மொய்தீன் பாய், இடுப்பத் தூக்காத! டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு? இடுப்பு சாக்குலயே இருக்கணும். மேஸ்திரி, கழுத்த ஒடிக்காத. மூணு... அவ்ளோதான். ஆளுக்கு மூணு, அஞ்சு பேருக்குப் பாஞ்சு. இந்த வேளைக்கு ஆச்சு, எய்ந்துக்கோங்க.” தாளில் பதினைந்து என்று குறித்துக்கொண்டார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கிடங்கின் கிரேன்கூட நின்றுவிட்டது. “என்னய்யா நடக்குது இங்கே?”

ஐந்து பேரும் படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதும் ஒருவருக்கும் இடுப்பு சாக்கை விட்டு எழவில்லை. அவ்வளவு சுத்தமான பயிற்சியை என் மாணவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

மேஸ்திரிக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. நிதானமாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு விளக்கம் சொன்னார். “எங்க கேங்குல ஒருத்தன் முடியாம வந்தான்னா, அவன் தோளுல நிக்கிற வெயிட்ட மத்த அஞ்சு பேரும் வாங்கிக்குவோம். அவன் சொம்மா கைய வெச்சிகினு வந்தா போதும். காலங்காலமா எங்க வயக்கம் இது. இவன் மொத நாளு வூட்ல இத்தப் பண்ணப்போயி கத்துனான் பாருங்க, எங்களால தாங்க முடில. வுடுறா, ஒன் பங்க நாங்க போட்டுக்கறோம்னு சொன்னோம். ஒரு வேளை வுடல டாக்டரம்மா. கோயில்ல வெச்சிக் கேட்டாலும் சத்தியம் பண்றேன்.”

“நடை?”

“மார்க்கெட் வாசல் வரிக்கும் நானு. அங்கேந்து திரும்பி பாயி.”

“வெந்நீர் ஒத்தடம்?”

மேஸ்திரி கஜாவைப் பார்த்தார். “அத்த மட்டும் நானே வெச்சிக்கினேன்” என்றார் கஜா, தலையைக் குனிந்துகொண்டு.

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே பெரிய டாக்டருக்கு எழுதியது ஞாபகம் வந்தது. அந்தத் தாளை நம்பித்தான் நான் ‘முறையாகச் செய்தார்’ என்று எழுதினேன். நாளை மறுநாள் இந்த மனிதரின் முதுகைத் திறக்கப் போகிறார்கள், அவர் செய்யாத பயிற்சி பலிக்கவில்லை என்பதற்காக. ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களுக்கு அது காலைக் காப்பாற்றும் காரியம். கஜாவுக்குத் தேவையா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான்.

“ஏன் கஜா நீங்க செய்யல?” என்று கேட்டேன்.

அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கதானே சொன்னீங்க, டயர்ல டியூப்பு பிதுங்கிக்கினு நிக்கிற மாதிரின்னு. நான் எண்ணூர் ரோட்ல ட்ரெய்லர் டயர் வெடிச்சுப் பாத்துகீறேன் டாக்டரம்மா. ரெண்டு தபா தூக்குனேன், கால்ல சுர்ருனுச்சு. மூணாவது தபா டமார்னு வெடிச்சுட்டா அப்பறம் என்ன மேல தூக்குறதுக்கே ஆறு பேரு வேணுமே.”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் புரியும் என்று வருடக்கணக்காக அதே டியூப் உதாரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்ததோ. டிஸ்க் டயரும் இல்லை, டியூபும் இல்லை. நகர்ந்த டிஸ்க் பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் தானாகவே அடங்கிப்போகிறது. அதைச் சொல்ல வேண்டியவள், வெடிக்கிற பொருளைச் சொல்லிப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறேன். நோயாளிக்கு உதாரணம் சொல்லும்போது, அவர் அந்தப் பொருளைத் தினமும் எந்த நிலையில் பார்க்கிறார் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

“கஜா, அது வெடிக்காது. நான் சொன்னது தப்பு” என்றேன். முப்பது வருடத்தில் ஒரு நோயாளியிடம் நான் இந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி உடனே ஒரு சாக்கைத் தட்டிப் போட்டார்.

கஜா குப்புறப் படுத்தார். இந்தத் தடவை நெஞ்சைத் தூக்கச் சொல்லவில்லை. சும்மா படுத்து மூச்சு விடச் சொன்னேன். இரண்டு நிமிடம் போனது. “வலி எங்கே இருக்கு?” என்றேன். “சுண்டுவெரல்...” என்று ஆரம்பித்த மேஸ்திரியை ஒரு முறை முறைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டார். கஜாதான் சொன்னார்: “சுண்டுவெரல்ல.” பிறகு முழங்கையை ஊன்றச் சொன்னேன். அங்கே ஆள் கல்லாகிவிட்டார். அரை டன் உத்தரத்துக்குத் தோள் கொடுத்த மனிதர், தன் நெஞ்சைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கப் பயந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வழி தெரியவில்லை. மேஸ்திரிதான் யோசனை சொன்னார். “டாக்டரம்மா, லோடு தூக்கும்போது கொரலு குடுக்கறது இவன்தான். எங்கள்ல கொரலு குடுத்தவன் தூக்காம நின்னான்னா அப்பால அவன் மூஞ்சில முழிக்க மாட்டோம். இவன் இத்தினி நாளா எண்ணிகினு இருந்தானே தவிர, கொரலு குடுக்கவேயில்ல பாத்தீங்களா? இப்போ குடுக்கச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு அவரும் மற்ற நால்வரும் மறுபடி சாக்குகளில் படுத்துக்கொண்டார்கள்.

பிறகு கஜாவின் சாக்கிலிருந்து கரகரவென்று ஒரு குரல் கிளம்பியது: “தோளு சேரு... ஹோய்!” ஆறு பேரும் முழங்கையில் எழுந்தார்கள். கஜாவும் எழுந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“வலி எங்கே?”

“சுண்டுவெரல்லதான்... இல்ல, இருங்க. கெண்டக்கால்ல. டாக்டரம்மா, இது வெரல வுட்டு மேல வந்துட்ச்சு!”

இந்த அறிகுறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பயிற்சி செய்யும்போது வலி காலிலிருந்து மேலே ஏறி இடுப்பை நோக்கி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல சேதி. வலி கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி அவருக்கு ஆகாது, நிறுத்த வேண்டும். எத்தனை முறை செய்தார் என்ற கணக்கைவிட இந்த ஒன்று முக்கியம். நான் ஆறு வாரமாக எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். அவரிடம் பேச எனக்கு எப்போதுமே பயம்.

“சார், திங்கட்கிழமை ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா? நான் தப்பா எழுதிட்டேன். அவர் பயிற்சி செய்யலை.”

“செஞ்சார்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?”

“செஞ்சாங்க சார். அவர் செய்யலை. அவரோட கூட்டாளிங்க அஞ்சு பேர் பங்கு போட்டுச் செஞ்சிருக்காங்க.”

லைன் போய்விட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“அவங்களுக்கு எப்படி இருக்கு?” என்றார்.

“ரொம்ப நல்லா இருக்காங்க சார்.”

பிறகு எந்த உணர்ச்சியும் இல்லாமல், பாதத்தில் பலம் இருக்கிறதா, மரத்துப்போகிறதா, சிறுநீர் எப்படி என்று மூன்றையும் கேட்டார். கஜாவிடமே கேட்டுச் சொன்னேன். “ஆறு வாரம். இந்தத் தடவை நோயாளியைச் செய்யச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். ஆயுத பூஜைக்குச் சரியாக ஏழு வாரம் இருந்தது.

அந்த ஆறு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் சிக்கல், ஐந்து பேரும் பயிற்சியை நிறுத்த மறுத்துவிட்டார்கள். மேஸ்திரிக்குத் தொப்பை குறைந்திருந்தது, அதை விட மனமில்லை. கடைசியில் ஆறு பேருக்கும் ஆறு தாள் எழுதிக்கொடுத்து, ஒருவர் தாளில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

இரண்டாவது சிக்கல் கிடங்கு முதலாளி. ஒருநாள் மதியம் காரில் வந்து இறங்கியவர், தன் வாசலில் ஆறு பேர் வரிசையாகக் குப்புறக் கிடப்பதையும், ‘ஹோய்’ என்று குரல் கொடுத்துத் தலையைத் தூக்குவதையும் பார்த்து, ஸ்டிரைக் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்து, “எய்ந்துருங்கப்பா, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்! கோரிக்க இன்னா, சொல்லுங்க!” என்று கெஞ்சியிருக்கிறார். மொய்தீன் பாய் படுத்தபடியே, “ஓரமா ஒரு ஃபேனு” என்றிருக்கிறார். மறுநாளே ஃபேன் வந்துவிட்டது.

கஜா இப்போது தானே செய்தார். நான் வாரம் இரண்டு முறை போய் நின்று பார்த்தேன். வலி கெண்டைக்காலிலிருந்து முட்டிக்கு, முட்டியிலிருந்து தொடைக்கு வந்தது. ஒருநாள் அவசரப்பட்டுக் கூடுதலாகச் செய்து மறுபடி முட்டிக்கு இறங்கியது. அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் குறைத்துச் செய்யச் சொன்னேன், திரும்ப ஏறியது. நான்காம் வாரம் கால் வலி போய் இடுப்பில் மட்டும் லேசாக நின்றது. அதற்கப்புறம் தூக்கப் பழக்கினேன். முதலில் வெறும் கை, பிறகு பாதி நிரம்பிய தண்ணீர் கேன், பிறகு அரிசி மூட்டை. முட்டியை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டி, திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தி. கடைசியில் ஐந்து பேரோடு சின்ன உத்தரம்.

பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு ஆபரேஷன் வேண்டாம் என்றார். கஜா சந்தோஷத்தில் அவர் காலைத் தொடக் குனிந்தபோது, “முட்டியை மடக்குங்க” என்று மட்டும் சொன்னாராம்.

மீதி இருந்தது ஒன்றுதான். லோடு வேலைக்குத் தகுதி என்று ஒரு சான்று. முதலாளி எழுத்தில் கேட்டிருந்தார், அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால் கஜா வந்தார். தனியாக வந்தார், இருபத்திரண்டு படியையும் ஏறி.

எல்லாப் பரிசோதனையும் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் சரியாக இருந்தது. மூன்றாவது முறையாகக் காலைத் தூக்கினேன். “நாளைக்கு வாங்க, இன்னொரு தடவை பார்த்துடலாம்” என்றேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயம். ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள், இப்போது கண்ணால் பார்த்ததற்குக் கூடப் போட முடியாமல் தவித்தேன். போட்டு, அவர் தூக்கி, ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் விட்டால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவர் இடம் மட்டும்தான் போகும்.

மூன்றாவது நாள் நான் பேனாவைத் திறந்து, மூடி, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கஜா கேட்டார்: “பயமா கீதா டாக்டரம்மா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா கஜா.”

“எனுக்கும் கீது” என்றார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். “ஒங்க பயத்த நான் வாங்கிக்க முடியாது. என்னுத நீங்க வாங்கிக்க முடியாது. நீங்க போடுங்க, நான் தூக்கறேன்.”

முதல் மாதம் சின்ன உத்தரங்கள் மட்டும், வலி காலில் இறங்கினால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்று இரண்டு நிபந்தனை எழுதி, கையெழுத்துப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

மறுநாள் காலை கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டுச் சாத்தாங்காட்டுக்குப் போனேன். கஜா குரல் கொடுக்க, ஆறு பேர் தூக்கினார்கள். நான் நின்று பார்த்தேன்.